தொற்றா நோய்களை ஒரு மலைக் கிராமம் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் ரத்த அழுத்தக் கருவியைப் பையிலிருந்து எடுத்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி "இரு நர்சம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு மஞ்சள் பையோடு திரும்பினார். பையைக் கவிழ்த்ததும் ஏழு மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் நான்கோ ஐந்தோ மாத்திரைகள் மட்டும் பிரிக்கப்பட்டிருந்தன. கூடவே மூன்று வெவ்வேறு முகாம்களின் சீட்டுகள் ரப்பர் வளையம் போட்டுப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. மூன்று சீட்டுகளிலும் ரத்த அழுத்தம் அதிகம் என்று எழுதியிருந்தது. மூன்றிலும் அவர் புதிய நோயாளியாகவே பதிவாகியிருந்தார். "நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் எதுக்கு தினமும் முழுங்கணும்?" என்று அவர் கேட்டார். மூன்று முறை கண்டுபிடிக்கப்பட்ட அவருக்கு, அந்தக் கேள்விக்கான பதிலை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

கிராம சுகாதார செவிலியராக மலையிலும் அடிவாரத்திலும் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் தெரிந்துகொண்டதை அந்த மஞ்சள் பையே சொல்லிவிடும். நோயைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு நாள் போதும்; அதைக் கட்டுக்குள் வைக்க மாதாமாதம் ஒருவர் அந்தத் திண்ணைக்குத் திரும்பி வர வேண்டும். 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையில் நடத்தப்பட்ட மாநில அளவிலான ஆய்வில், வயது வந்தவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தமும் 17.6 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயும் இருப்பது தெரியவந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் அந்த அளவு 10.8 சதவீதம். மருத்துவமனைகளும் மருந்துகளும் உள்ள மாநிலத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கைநழுவிப் போகிறார்கள் என்றால், மலைப்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால்தான் பேருந்தைப் பார்க்க முடியும் என்ற ஊரில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மகளிர் குழு உறுப்பினர்கள், ஆசிரியர்கள், ஊராட்சிச் செயலர்கள், விடுமுறையில் ஊர் திரும்பும் செவிலியர் மாணவிகள் ஆகியோர் தங்கள் ஊரில் இந்த வேலையை அரசுப் பணியாளர்களோடு சேர்ந்து செய்வதற்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மருந்து எழுதித் தருவது மருத்துவரின் வேலை. மற்ற அனைத்தும் ஊரால் முடிகிறவை.

முதல் படி: உங்கள் ஊர் எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், சர்க்கரை நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றையே தொற்றா நோய்கள் என்கிறோம். 2021ஆம் ஆண்டில் உலகில் குறைந்தது 4.3 கோடிப் பேர் இவற்றால் இறந்தார்கள். அவர்களில் 1.8 கோடிப் பேர் எழுபது வயதை எட்டாதவர்கள். அந்த இளவயது மரணங்களில் 82 சதவீதம் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்ந்தவை. இது பணக்காரர்களின் நோய் என்ற பேச்சு இன்னமும் ஊர்களில் இருப்பதால், இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2011 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவை இந்த நோய்களுக்காகவே உயர்மட்டக் கூட்டம் ஒன்றை நடத்தியது. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2013 முதல் 2020 வரைக்குமான செயல்திட்டம் ஒன்றை வகுத்து, பின்னர் அதை 2030 வரை நீட்டித்தது. முப்பது முதல் எழுபது வயதுக்குள் இந்த நோய்களால் இறப்பவர்களை 2030க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது நீடித்த வளர்ச்சி இலக்குகளிலும் இடம்பெற்றிருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் இந்த நிறுவனம் தரும் உதவி பெரும்பாலும் பணமாக வருவதில்லை. எப்படிக் கணக்கெடுப்பது, குறைந்த செலவில் எந்த நடவடிக்கை அதிக உயிரைக் காக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னென்ன மருந்துகள் கட்டாயம் இருக்க வேண்டும், பலனை எப்படி அளப்பது என்ற நெறிமுறைகளாகவும் பயிற்சியாகவும் அது வருகிறது. மேலே சொன்ன 'ஸ்டெப்ஸ்' அவற்றில் ஒன்று. முதலில் கேள்வித்தாள், பிறகு உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், கடைசியாக ரத்தப் பரிசோதனை என்று மூன்று படிகளில் நடப்பதால் அந்தப் பெயர்.

இந்தியாவில் 2010இல் தேசிய அளவிலான திட்டம் தொடங்கியது. 2017 நவம்பரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய, மாநில அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்கென்று தனி முயற்சி ஒன்றைத் தொடங்கின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. வீடு வீடாக வருபவர் பெரும்பாலும் உள்ளூர் மகளிர் குழுவைச் சேர்ந்த சுகாதாரத் தன்னார்வலர்தான்.

ஆகவே உங்கள் முதல் வேலை, மூன்று பேரைத் தேடிப் பிடிப்பது: உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர், துணை சுகாதார நிலையத்தின் இடைநிலை சுகாதாரப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். அதை விட்டுவிட்டுத் தனியாக ஒரு முகாம் நடத்தினால், மஞ்சள் பையில் நான்காவது சீட்டு சேரும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பதிவேட்டை ஆரம்பியுங்கள்

நீளமான, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டுப் போதும். கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் மலையின் பல மடிப்புகளில் சிக்னல் கிடைப்பதில்லை, காகிதத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முப்பது வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர், வீட்டை அடையாளம் காட்டும் குறிப்பு, வேலை, புகையிலைப் பழக்கம், மதுப் பழக்கம், இடுப்புச் சுற்றளவு, பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ யாருக்காவது சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ மாரடைப்போ உண்டா என்ற விவரம் ஆகியவை அதில் இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அந்த வரியில் ஒரு குறி போடுங்கள். அரசின் வீட்டுவாரிக் கணக்கெடுப்புப் படிவமும் ஏறத்தாழ இதையேதான் கேட்கிறது; ஒவ்வொரு பதிலுக்கும் அதில் மதிப்பெண் உண்டு, மொத்தம் நான்குக்கு மேல் வருபவர்களை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் விதி.

வேலை என்ற பத்தியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். காபித் தோட்டத்துக்குப் போகிறவர், மலையிறங்கிச் சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர், ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறவர் ஆகிய மூவரும் வீட்டில் இருக்கும் நேரம் வேறு வேறு. பின்னால் மாதாமாதம் திரும்பிப் போகும் ஐந்தாம் படிக்கு வரும்போது இந்தப் பத்திதான் கைகொடுக்கும்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட 300 பேர் உங்கள் ஊரில் இருந்தால், மாநிலக் கணக்குப்படி மூன்றில் ஒருவர், அதாவது சுமார் 100 பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அது சற்றுக் கூடவோ குறையவோ செய்யலாம். ஆனால் அரசுப் பட்டியலில் 35 பெயர்கள் மட்டுமே இருந்தால், இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: சரியாக அளந்து பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை, தலையில் விறகுக் கட்டோடு மேட்டில் ஏறி வந்த ஒரு பெண்ணை அப்படியே உட்காரவைத்து அளந்தேன்; 168/102 என்று வந்தது. கட்டை இறக்கி, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் பேசாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அதே கருவியில் 136/84 வந்தது. முதல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால், நோயில்லாத ஒருவரை நோயாளி என்று அறிவித்திருப்பேன். அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு திண்ணையில் முதலில் ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல் நான் யாருக்கும் பட்டை கட்டியதில்லை.

மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், பீடி, புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கை, நெஞ்சின் உயரத்தில் எதன் மேலாவது தாங்கலாக இருக்க வேண்டும். இரண்டு தலையணை அடுக்கினால் போதும். ரவிக்கையின் கை மேலேயோ ஸ்வெட்டரின் மேலேயோ பட்டையைச் சுற்றாதீர்கள். மலைக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரையும் பேச வைக்காதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

மேல் எண் 140ஐயோ கீழ் எண் 90ஐயோ தொட்டால், வேறொரு நாளில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு நாள்களிலும் அதே அளவோ அதற்கு மேலோ இருந்தால்தான் மருத்துவர் உயர் ரத்த அழுத்தம் என்று உறுதி செய்வார். மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ எட்டினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சர்க்கரைக்கு விரல் நுனி ரத்தத்தில் எப்போது பார்த்தாலும் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால், அது நோய் என்று அர்த்தமில்லை, ஆய்வகப் பரிசோதனை தேவை என்று அர்த்தம். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 என்பவையே நோயை உறுதி செய்யும் எல்லைகள். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினால், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்காகும்.

நான்காம் படி: மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்

இதில் சொல்வதற்கு அதிகமில்லை. பரிந்துரைச் சீட்டைக் கையில் கொடுத்து "போங்க" என்று சொன்னால் பாதிப் பேர் போகமாட்டார்கள். சந்தை நாளையோ மற்ற வேலையாக ஏற்காட்டுக்குப் போகும் நாளையோ தெரிந்துகொண்டு, நான்கைந்து பேரைச் சேர்த்து, ஒரு தன்னார்வலரோடு அனுப்புங்கள். அங்கே சிகிச்சை தொடங்கிய தேதியையும் மாத்திரையின் பெயரையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மாதாமாதம் திரும்பிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரு படியை மட்டும்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

ரத்தக்கொதிப்புக்கு வலியில்லை. சர்க்கரைக்கும் தொடக்கத்தில் வலியில்லை. வலிக்காத ஒன்றுக்குத் தினமும் மாத்திரை விழுங்கு என்று சொல்வது, கூலி வேலைக்குப் போகிறவரின் காதில் நியாயமில்லாத கோரிக்கையாகத்தான் விழும். அந்தப் பாட்டியின் கேள்விக்கு நான் கடைசியில் கண்டுபிடித்த பதில் கூரையைப் பற்றியது. மழை பெய்யாத நாளிலும் கூரை வேய்ந்துதானே வைத்திருக்கிறோம், மழை வந்த பிறகு ஏறினால் வழுக்கும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. உங்கள் ஊரில் வேறொரு பதில் எடுபடலாம். ஆனால் ஏதாவது ஒரு பதிலோடு போங்கள்.

மாத்திரை தொடங்கி முப்பது நாள் ஆனதும் ரத்த அழுத்தத்தை மறுபடி அளக்க வேண்டும். 140/90க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது இரண்டாவது மருந்தைச் சேர்ப்பார். நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் 'ஹார்ட்ஸ்' நெறிமுறையின் சாரமே இதுதான்: எல்லாருக்கும் ஒரே எளிய சிகிச்சை வரிசை, தவறாத மருந்து இருப்பு, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் குழு, நோயாளியின் வீட்டுக்கு அருகிலேயே சேவை, எண்களை வைத்துக் கண்காணிப்பு. ஆனால் முப்பதாவது நாள் யாரும் வந்து அளக்காவிட்டால், அந்த வரிசை முதல் படியிலேயே நின்றுவிடும்.

மலையில் அந்த முப்பதாவது நாள் ஏன் தவறுகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். விடியலில் தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார்கள். அந்த மூன்று மாதங்களில் பகல் பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். மே மாதத்தில் கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் முட்டி மோதி நிற்கும். பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் சில கிராமப் பாதைகள் சறுக்கும். இந்த மூன்று பருவங்களையும் முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து, அறுவடைக் காலத்தில் தோட்டத்துக் கூலி வழங்கும் இடத்தில் மாலையில் அளப்பது, மழைக்கு முன்பே கூடுதல் மாத்திரைக்கு மருத்துவரிடம் ஏற்பாடு செய்துகொள்வது என்று உங்கள் அட்டவணையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சந்திப்பிலும் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முப்பது நாளைக்கு முப்பது கொடுத்து, இருபது மிச்சமிருந்தால் கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். சிலருக்கு மாத்திரையால் கால் வீங்கியிருக்கும், சிலருக்கு இருமல் வந்திருக்கும், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். சிலர் உறவினருக்குப் பங்கு கொடுத்திருப்பார்கள். சிலர் நாட்டு மருந்துக்கு மாறியிருப்பார்கள்; அவர்களிடம் சண்டை போடாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து எண்ணைக் காட்டுங்கள்.

சர்க்கரை மாத்திரையில் ஒரு தனி ஆபத்து உண்டு. காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போகிறவருக்குப் பத்து மணிக்குள் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரலாம். சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறிகள் அவை. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மறுபடி கொடுத்து, பிறகு உணவு தர வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பழம் பறிக்கப் போகிறவரின் முந்தானையிலோ சட்டைப் பையிலோ ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். உடன் பறிப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்களின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், ஒரு பெரிய மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, குப்பியைப் பாலித்தீன் பையில் சுற்றி அதில் வைக்கலாம். ஏற்காட்டின் குளிரில் இது நன்றாகவே நிற்கும். அடிவாரத்துக் கோடையில் மணலை அடிக்கடி நனைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயங்கினால் பலனில்லை. விரல் இடுக்குகள், குதிகால் வெடிப்பு, உணர்ச்சியில்லாத இடங்கள், நகக்கண் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு முள் குத்தியதே தெரியாமல் புண் பழுத்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் வேண்டும் என்பதையும் நோட்டில் ஒரு கட்டம் போட்டுக் குறியுங்கள்.

ஆறாம் படி: காரணங்களைக் குறையுங்கள்

புகையிலையில் தொடங்குங்கள், ஏனெனில் அதற்குச் சட்டம் துணையிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2003இல் நம் நாட்டுச் சட்டம் வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது. குட்கா, பான்மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலிலிருந்து பெட்டிக்கடை வரை ஆசிரியரோடு சேர்ந்து அளந்து பாருங்கள். கடைக்காரர் நம் ஊர்க்காரர்தான்; முதலில் பேசிப் பார்ப்பதே முறை. விட நினைக்கிறவர்களுக்குத் தேசிய ஆலோசனை எண் 1800112356. வெற்றிலையோடு பாக்கு மட்டும்தான் போடுகிறேன் என்று சொல்லும் பாட்டிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: புகையிலை சேராத பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

உப்பில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். இதைச் சமையலறையில் யாரும் அளக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக, உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதியை எழுதச் சொல்லுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு முப்பது நாளில் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தின் உப்பு இந்தக் கணக்கில் சேராதது. ஐம்பது நாளைக்கு வந்தால் ஐந்து கிராம் என்று அந்த வீட்டுப் பெண்ணே கணக்குப் போட்டுவிடுவார். இந்த ஒரு யோசனை நடந்த அளவுக்கு என் வேறெந்த அறிவுரையும் நடந்ததில்லை.

உணவைப் பற்றிப் பேசும்போது, மலையில் விளைந்த சாமையும் கேழ்வரகும் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் சாமை என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையைப் பரப்பாதீர்கள். தவிடு போகத் தீட்டிய சாமையைத் தட்டு நிறையச் சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறோ களியோ என்று காட்டுவதே எளிது. நம் மாவட்டம் பேர்போன ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. விரதத்துக்கு அது லேசான உணவு என்று நினைத்துச் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடுகிறார்கள். சேலத்துக் கடைவீதித் தட்டுவடை செட்டில் காரட்டும் பீட்ரூட்டும் இருந்தாலும், தட்டுவடை எண்ணெயில் பொரித்ததுதான். ஆசைக்கு எப்போதாவது ஒரு செட் என்றால் பரவாயில்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் பழக்கத்தை வீட்டிலும் கடையிலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

உடலுழைப்பில் மலைக்காரர்களுக்கும் நகரத்தார்க்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது பொது அளவு. தோட்டத்தில் ஏறி இறங்குகிறவரிடம் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். பட்டறையில் பத்து மணி நேரம் குனிந்து கொலுசுக்குப் பற்றவைப்பவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

மதுவைப் பற்றி, அளவாகக் குடித்தால் நல்லது என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். கல்லீரல், ரத்த அழுத்தம், புற்றுநோய் எதற்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

அடுப்புப் புகையை மறந்துவிடுகிறோம். சன்னல் இல்லாத அறையில் விறகடுப்பில் சமைக்கும் பெண்கள், ஒரு பீடிகூடப் பிடிக்காமலே நாற்பது வயதில் மூச்சிரைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எரிவாயு இணைப்பு இருந்தும், மறு உருளையை மேலே கொண்டுவரும் செலவால் அதை மூலையில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கூரைக்குக் கீழே சுவரில் ஓர் ஓட்டை போடுவது, காய்ந்த விறகை மட்டும் எரிப்பது, கைக்குழந்தையைச் சமையலறைக்கு வெளியே வைப்பது ஆகியவை இன்றைக்கே முடியும்.

ஏழாம் படி: மூன்று புற்றுநோய்களுக்குப் பரிசோதனை

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும், நெடுக்காக அடுக்கிய மூன்று விரல்கள் நுழையும் அளவுக்கு வாய் திறக்க முடியாவிட்டாலும் உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும், முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரை கருப்பை வாய்ப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அது. வெட்டுவதோ ஊசியோ இல்லை. இதை ஆண் பணியாளர் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்ட ஓர் அக்கா, "அஞ்சு நிமிஷம்தான்டி, வா போலாம்" என்று கையைப் பிடித்து அழைத்தால் நான்கு பேர் கிளம்பிவிடுவார்கள்.

எட்டாம் படி: அவசரத்துக்குத் தயாராக இருங்கள்

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். வளைவுகளைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகலாம். உள்கிராமம் என்றால் அதற்கு முந்தைய தூரமும் சேரும். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும் என்பதால், எண்ணெய் தேய்ப்பது, மந்திரிப்பது என்று நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நெஞ்சு வலிக்கு, 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளின் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கிறார்கள். உங்களுக்கு அருகில் அவை எங்கே இருக்கின்றன, இரவில் யார் இருப்பார்கள் என்பதை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் யாரிடம் வண்டி இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு எந்த ஓட்டுநர் கதவைத் திறப்பார் என்ற பட்டியலும் பதிவேட்டின் பின் அட்டையில் இருக்கட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒன்பதாம் படி: கணக்கை ஊருக்கு வாசியுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டை விரித்து ஒரே ஒரு கணக்குப் போடுங்கள். முந்தைய காலாண்டில் பதிவானவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காலாண்டில் அளக்க வந்தவர்கள் 31 பேர். அவர்களில் 140/90க்குக் கீழே இருந்தவர்கள் 22 பேர். நம் மனம் 31க்கு 22, எழுபது சதவீதத்துக்கு மேல், என்று கணக்குப் போட்டு மகிழ்ந்துவிடும். சரியான கணக்கு 40க்கு 22, அதாவது 55 சதவீதம். வராத ஒன்பது பேரையும் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களாகவே கொள்ள வேண்டும். நாட்டின் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் இப்படித்தான் எண்ணுகிறது. அந்த மஞ்சள் பைப் பாட்டியைப் போன்றவர்கள் கணக்கிலிருந்து மறைந்து போகாமல் இருக்க இதுவே வழி.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபைக் கூட்டங்களில் இந்த எண்களை வாசியுங்கள். பெயர்களை ஒருபோதும் வாசிக்காதீர்கள். இன்னாருக்கு இன்ன நோய் என்பது அவரவர் வீட்டு விஷயம். எத்தனை பேர் பதிவானார்கள், எத்தனை பேர் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள், எந்த மாதத்தில் எந்த மாத்திரை கிடைக்கவில்லை, எத்தனை பேர் பாதை சரியில்லாமல் வரவில்லை என்பவற்றைச் சொன்னால், மருந்து இருப்பும் பாதைச் சீரமைப்பும் தீர்மானத்தில் இடம்பெறும். தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே நோட்டில் அடுத்த காலாண்டுக்கான பக்கத்தைத் திறந்து, வராத அந்த ஒன்பது பேரின் பெயர்களை முதல் ஒன்பது வரிகளில் எழுதி, யார் எந்த வீட்டுக்கு என்றைக்குப் போவது என்று எதிரே குறியுங்கள்.